பிள்ளை வேண்டுமா, வேண்டாமா?
கணவன்-மனைவி சண்டை சுப்ரீம் கோர்ட்டு வரை போன கதை!

சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கு ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. அந்தத் திருவிழாவுக்கு ஒரு கதை உண்டு.

சங்கன், பத்மன் என்று இரண்டு நாக அரசர்கள். "சிவனே பெரியவர்" என்றான் சங்கன். "திருமாலே பெரியவர்" என்றான் பத்மன். இருவரும் ஒன்று என்று காட்டும்படி கோமதி அம்மன் தவம் இருந்தாள். சிவனும் திருமாலும் ஒரே உடலில் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள்.

வீட்டிலும் இப்படிச் சண்டை வருவது உண்டு. "பிள்ளை வேண்டும்" என்பார் கணவர். "இப்போது வேண்டாம்" என்பார் மனைவி. சில வீடுகளில் இது தலைகீழ்! யார் சொல் செல்லும்?

ரூ.30 லட்சம் கேட்டார்

வட இந்தியாவில் ஒரு தம்பதி. 1994-ல் திருமணம். மறு ஆண்டு ஒரு மகன். பிறகு மனத்தாங்கல். பிரிந்து வாழ்ந்தார்கள். 2002-ல் மீண்டும் சேர்ந்தார்கள். மனைவி கருவுற்றார். அந்தப் பிள்ளை வேண்டாம் என்பது அவர் முடிவு. கணவருக்கோ பிள்ளை வேண்டும்! மனைவி கருவைக் கலைத்துவிட்டார்.

கணவருக்கு ஆத்திரம் பொங்கியது. "என் சம்மதம் இல்லாமல் செய்தது தவறு, ரூ.30 லட்சம் நஷ்டஈடு வேண்டும்" என்று வழக்கு போட்டார். மனைவி மீது மட்டும் அல்ல, டாக்டர்கள் மீதும்!

பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு 2011-ல் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டும் 2017 அக்டோபரில் தள்ளிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

1971-ம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவர் கையெழுத்து தேவை இல்லை. சுமப்பவள் அவள், பெறுபவளும் அவள்.

ஆனால் ஒன்று. சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும். தகுதி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும். கண்ட கண்ட மருந்தைத் தின்றால் உயிருக்கே ஆபத்து!

முன்பே பேசினார்

புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். 1927-ல் அந்த அம்மையார் சென்னை சட்டசபைக்கே போனார்!

கோர்ட்டு வழக்கைத் தீர்க்கும், மனத்தாங்கலைத் தீர்க்காது. நிச்சயதார்த்தத்தின்போது எத்தனை பவுன் என்று பேசுகிறோம். பிள்ளை எப்போது, எத்தனை என்று பெண்ணும் மாப்பிள்ளையும் பேச ஒரு மணி நேரம் கொடுக்கிறோமா?