பொறிக்கும் ஒரு கவசம்

புஸ்வாணம் பொன்னிறமாகச் சொரிகிறதே, அந்தப் பொன் எது தெரியுமா? இரும்புத் தூள்தான். பறக்கும்போதே எரிகிறது. அதில் கொஞ்சம் கரி கலந்து எஃகாக இருந்தால் பொறி நடுவானில் வெடித்துக் கிளை பிரியும். கம்பி மத்தாப்பில் குழந்தைகள் பார்த்துச் சிரிக்கும் நட்சத்திரப் பூ அதுதான்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈரம் பட்டுவிட்டால் அந்தத் தூள் வீண். துரு என்பது மெதுவாக எரிந்து முடிந்த இரும்பு. அதை மறுபடி கொளுத்த முடியாது. பட்டாசு மருந்தில் சேரும் உப்புகளோ துருவை இன்னும் விரட்டிக்கொண்டு வரும். அதனால் தூளை ஆளிவிதை எண்ணெயில் புரட்டி வைப்பது பட்டாசுத் தொழிலின் பழைய வழக்கம். அந்த எண்ணெய் காற்றுப் பட்டால் மெல்லிய தோலாகக் காய்ந்துகொள்ளும். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு சட்டை!

ஐரோப்பாவின் போர்வீரர்களும் எஃகுக் கவசத்துக்கு எண்ணெய் பூசித்தான் காத்தார்கள். துருவேறிய வளையக் கவசம் என்றால், மணலும் காடியும் போட்ட பீப்பாய்க்குள் இட்டு உருட்டுவார்கள். உடம்பைக் காக்கும் கவசத்துக்கே காவல் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

நம் வீட்டு அரிவாள்மணைக்கு அவ்வளவு பாடு வேண்டாம். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். எலுமிச்சை நறுக்கிய அன்றைக்கு மட்டும் துடைக்க மறந்துவிடாதீர்கள்.