வீடியோ கேமின் நிறையும் குறையும்

வீடியோ கேம் விமர்சனங்கள் பெரும்பாலும் படத்தின் அழகையும் ஒலியையும் கதையையும் பற்றியே பேசுகின்றன. இம்மூன்றும் சினிமாவிலும் உண்டு. சினிமாவில் இல்லாதது ஆடுபவரின் கை. எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும், செய்தால் என்ன நடக்கும், தவறினால் என்ன இழப்பு, அடுத்து எது புதிதாகக் கற்கக் கிடைக்கும் என்ற விதிகளின் கட்டுதான் கேம். அந்த விதிகளைத் தொடாத விமர்சனம், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்தவர் எழுதியதாகவே நிற்கும்.

டொரொன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’ இதற்கு நல்ல சான்று. 1988 இல் தொடங்கும் கதை அது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் என்ற தம்பதியும் அங்கே வளரும் மகன் கவினும்தான் முக்கியப் பாத்திரங்கள். வெண்பாவின் தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் சிதைந்துபோய்ப் பல வரிகள் அழிந்திருக்கின்றன. விடுபட்ட படியை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போய்ச் சேரும், புட்டுக் குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த ஒழுங்கில் போக வேண்டும் என்பவை புதிர்களாக வருகின்றன. நீத்துப்பெட்டியில் புட்டு அவித்துப் பழகிய கொழும்பு வெள்ளவத்தைக் கைக்குக் குழல் கொஞ்சம் அந்நியம்தான். ஆனாலும் விடையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

இந்தக் கேமின் பெரிய பலம், கதை சொல்வதையே கையும் செய்கிறது என்பது. அழிந்த குறிப்பை மீட்பதும், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவே அழிந்துகொண்டுபோகும் ஒன்றை மீட்கப் பார்ப்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. இந்தப் பொருத்தம் அரிது. கதையில் நல்லவனாக வரும் நாயகன் ஆட்டத்தில் ஆட்களைச் சுட்டுத் தள்ளியபடியே போகும் கேம்கள் ஏராளம். கதை ஒரு பக்கமும் விதி மறுபக்கமும் இழுக்கும் இந்த முரணை, கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹொக்கிங் 2007 இல் ‘பயோஷொக்’ கேம் பற்றி எழுதிய கட்டுரையில் எடுத்துக் காட்டினார். அதன்பின் விமர்சகர்கள் பலரும் தேடும் குறையாகவே அது ஆகிவிட்டது. ‘வெண்பா’வில் அந்த முரண் கிட்டத்தட்ட இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் காலத்தோடு சேர்ந்து மாறும் தமிழ்ச் சினிமாப் பாட்டின் சாயலும் இந்தப் பொருத்தத்துக்குத் துணை நிற்கிறது.

குறைகளும் வெளிப்படையானவை. ஒன்றரை மணித்தியாலத்தில் கேம் முடிந்துவிடும். பிழையாகச் சமைத்தாலும் இழப்பு ஒன்றுமில்லை, திரும்பச் செய்யலாம். உரையாடலில் எதைத் தெரிவு செய்தாலும் கதை பெரிதாகத் திசை மாறாது. சுருக்கத்தை மட்டும் குறையென்று சொல்வது நியாயமில்லை, சிறுகதையை நாவலாகவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை. உண்மையான பலவீனம் வேறு. இட்டலியில் கற்ற திறமை பிறகு வரும் சமையல்களில் ஆழப்படுவதில்லை, புதிரின் கடினம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. கை கற்பது நின்ற பிறகு கதை மட்டுமே ஆட்டத்தை இழுத்துச் செல்கிறது. 2024 இல் சுயாதீனக் கேம் விழாவின் பெரும் பரிசையும், அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதையும் பெற்ற ஆக்கம் என்பதால் இந்தப் பலவீனம் இல்லாமற் போய்விடாது.

இலங்கைத் தமிழரிடமிருந்து இன்னொரு குறையும் எழக்கூடும். கனடாத் தமிழரில் பெரும்பாலானோர் ஈழத்திலிருந்து போனவர்கள், அவர்களைக் கொண்டுபோன போர் இந்தக் கேமில் இல்லை. டொரொன்டோவின் ஸ்காபரோவில் உறவு இல்லாத தமிழ் வீடு கொழும்பில் குறைவு என்பதால் அந்த எதிர்பார்ப்பு இயல்பானதே. ஆனால் அது ‘வெண்பா’வின் பிழையன்று, இன்னும் உருவாகாத வேறொரு கேமின் வெற்றிடம். ஓர் ஆக்கம் எதைச் செய்ய முயன்றதோ அதில் எவ்வளவு தேறியது என்று பார்ப்பதும், அது செய்ய நினைக்காததைக் கேட்பதும் வேறு வேறு வேலைகள்.

கிரிக்கெட் கேம்களில் கணக்கு நேர்மாறாக ஓடுகிறது. ஈஏ நிறுவனம் 2006 இன் இறுதியில் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’ குறைகள் நிறைந்தது. சில அடிகளைக் கற்றுக்கொண்டால் பந்தை எல்லைக்கோட்டுக்கு அனுப்புவது இலகு, கணினி நடத்தும் எதிரணிக்கோ புத்தி குறைவு. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா அணிகளுக்கு இருந்த உரிமம் இலங்கை அணிக்கு இல்லாததால் வீரர்களின் பெயர்கள் திரிந்து கிடந்தன. அப்படியிருந்தும் தென்னாசியாவில் அது பல்லாண்டு ஆடப்பட்டது. பழைய கணினியிலும் ஓடும், இருவர் அருகருகே இருந்து ஆடலாம், ஐந்து ஓவர் ஆட்டம் மின்சாரம் போவதற்குள் முடிந்துவிடும். பெயர்களையும் சீருடைகளையும் ரசிகர்களே திருத்தி இணைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஈஏ கணினிக்குப் புதிய கிரிக்கெட் கேம் தராததும் அதன் ஆயுளை நீட்டியது. வெளிவந்த வாரத்தில் எழுதப்படும் விமர்சனத்தால் இந்த வகைப் பலத்தைக் காண முடியாது. பக்கத்தில் யார் இருந்து ஆடுவார்கள் என்பது பெட்டிக்குள் இருப்பதில்லை அல்லவா.

எண்ணில் அடக்கும் ஆசை கேம் விமர்சனத்தை விடாமல் பிடித்திருக்கிறது. 1986 இல் தொடங்கிய ஜப்பானிய இதழான ‘ஃபமிட்சு’வில் நால்வர் தலைக்குப் பத்தாக நாற்பதுக்குப் புள்ளி போடுவார்கள். 2001 இல் வந்த ‘மெட்டாகிரிட்டிக்’ தளம் பல இதழ்களின் புள்ளிகளை நூறுக்கு மாற்றிச் சராசரி காட்டுகிறது. எந்த இதழுக்கு எவ்வளவு நிறை கொடுக்கிறது என்பதை அது வெளியிடுவதில்லை. 2010 இல் வந்த ‘ஃபோல்அவுட்: நியூ வேகஸ்’ அந்தச் சராசரியில் 85 எடுத்திருந்தால் அதை உருவாக்கிய ஒப்சிடியன் நிறுவனத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு கிடைத்திருக்கும். கிடைத்தது 84. ஒரு புள்ளியின் விலை அதுதான். அதே கேமை இன்றும் தம் காலத்தின் சிறந்த ஆக்கங்களில் ஒன்றாகப் பலர் கொண்டாடுகிறார்கள்.

புள்ளி ஏமாற்றும் இன்னொரு வழியை 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ காட்டியது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்தது வலிய கணினிகளில் ஓடும் வடிவம் மட்டுமே, புகழுரைகள் அதன்மீது எழுந்தன. பழைய பிளேஸ்டேஷன் 4 இல் வாங்கியவர்கள் கண்டது அடிக்கடி உறைந்து நிற்கும் திரையை. சில நாட்களிலேயே சோனி தன் கடையிலிருந்து அதை நீக்கியது, 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. பிந்திய திருத்தங்களுக்குப் பின் கேம் வெகுவாக மேம்பட்டது. ஆகவே எந்தக் கருவியில், எந்தத் திகதியில் ஆடிப் பார்க்கப்பட்டது என்று சொல்லாத விமர்சனத்தை வாசகர் பாதிக்கு மேல் நம்ப வேண்டியதில்லை. ‘ஸ்டீம்’ தளத்தில் எழுதுபவர்களின் பெயரருகே அவர்கள் ஆடிய மணித்தியாலங்கள் காட்டப்படுகின்றன. அந்தச் சிறு எண் சில வேளை விமர்சனத்தைவிட அதிகம் சொல்லும்.

வன்முறை பற்றிய கேள்வி இலங்கைபோல் போர் கண்ட நாட்டில் தனிக் கனம் கொண்டது. துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பவர்கள், அதை வைத்து விதிகள் என்ன செய்விக்கின்றன என்பதை விட்டுவிடுகிறார்கள். போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ கேமில் ஆடுபவர் நடத்துவது போராளிகளை அல்ல, முற்றுகைக்குள் அகப்பட்ட சாதாரணக் குடிமக்களை. 1990களில் நடந்த சரஜேவோ முற்றுகையே அதற்குத் தூண்டுதல். இரவில் உணவும் மருந்தும் தேடிப் போக வேண்டும், பகலில் உடைந்த வீட்டுக்குள் காத்திருக்க வேண்டும். இன்னொரு வீட்டில் திருடினால் பசி தீரும், திருடியவர் மனம் உடைந்து படுத்துவிடவும் கூடும். பகல் நேரம் சலிப்பூட்டுகிறது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது என்பது இதன்மீது சொல்லப்பட்ட முக்கியக் குறை. சொல்லப்பட்டது உண்மைதான். பதுங்குகுழிக்குள் பகலைக் கழித்தவர்களுக்கு அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியிருக்காது. போலந்து அரசு 2020 இல் இந்தக் கேமை மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பரிந்துரைத்த நூல்களின் பட்டியலில் சேர்த்தது.

இலவசமாகக் கிடைக்கும் போன் கேம்களை எடைபோட வேறு அளவுகோல் வேண்டும். ‘பப்ஜி மொபைல்’, ‘ஃப்ரீ ஃபயர்’ இரண்டும் ஆட்டமாக நன்றாகச் செதுக்கப்பட்டவை. சிறு திரையில் சில விரல்களால் நூறு பேர் வரை மோதும் போட்டியைச் சாத்தியமாக்கியது சிறிய சாதனையல்ல. வெள்ளவத்தைக் கடற்கரையோரத்திலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும் ஒரே நண்பர் குழுவை இணைக்கும் சமூக இன்பமும் அதில் உண்டு. ஆனால் அங்கே விதிகளின் ஒரு பகுதி கடையின் விதிகள். டயமண்ட், யூசி என்ற கேம் நாணயங்களாக மாற்றப்படும்போது பணம் பணமாகத் தெரிவதில்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமலே திறக்கும் பெட்டிகள், நாள்தோறும் வந்தால்தான் தரப்படும் பரிசுகள், இன்றோடு முடியும் என்ற அறிவிப்புகள் எல்லாம் ஆட்டத்தின் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல. பெல்ஜியம் 2018 இல் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. கடை எப்படி இயங்குகிறது என்பது இலவசக் கேமின் விமர்சனத்தில் முதற் பந்தியிலேயே வர வேண்டிய செய்தி. பெரும்பாலும் கடைசிப் பந்தியில்தான் வருகிறது.

கொழும்பு வாசகர் வெளிநாட்டு விமர்சனத்தை வாசிக்கும்போது சிலவற்றைத் தாமே கூட்டிக் கழிக்க வேண்டும். ‘வெண்பா’வின் அமெரிக்க விலை சுமார் 15 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு 4,500 ரூபா. சில தளங்கள் தென்னாசியாவுக்கு விலை குறைக்கின்றன, எல்லாம் அப்படியல்ல. நூறு கிகாபைட் அளவான கேமை, பகலுக்கு இவ்வளவு இரவுக்கு இவ்வளவு என்று டேட்டா பிரித்து விற்கப்படும் இணைப்பில் இறக்குவது பல இரவுகளின் வேலை. இணையப் போட்டிக் கேம்களுக்கான சேர்வர்கள் சிங்கப்பூரிலோ மும்பாயிலோ சென்னையிலோ இருப்பதால், சுடுவதற்கும் குண்டு படுவதற்கும் இடையிலான தாமதம் லண்டன் விமர்சகர் கண்டதாக இராது. 2019 இல் இலங்கை இ-ஸ்போர்ட்ஸை ஒரு விளையாட்டாக அங்கீகரித்த பிறகு, போட்டிக்கு ஆடும் இளைஞர்களுக்கு இந்தத் தாமதமே வெற்றி தோல்வியைத் தீர்க்கும் காரணிகளுள் ஒன்று.

விமர்சனப் புள்ளியோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, உறைகளில் அச்சிடப்படும் வயதுக் குறியீடு. அது தர மதிப்பீடு அல்ல. அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி 1994 இலிருந்தும் ஐரோப்பாவின் பெகி 2003 இலிருந்தும் வழங்கும் அந்தக் குறிகள், உள்ளே இரத்தம், தூஷணம், சூது போன்றவை எவ்வளவு என்று சொல்கின்றன. 18 என்ற குறி பெற்றது ஆழமான கேமாக இருக்கலாம். 3 என்ற குறி பெற்றது, பிள்ளையின் கையில் கொடுத்தால் நாளுக்கு நாலு தரம் காசு கேட்கும் கேமாகவும் இருக்கலாம்.