காணொளித் தொகுப்பு: சந்தா கட்டுமுன் சில வார்த்தைகள்

சேலை நெய்யப்படும் விதத்தையும் தோட்டத்து விளைச்சலையும் கைப்பேசியில் படம் பிடித்து, வாங்குவோர்க்குக் காட்டும் வழக்கம் நமது சங்கங்களில் பரவி வருகின்றது. படம் பிடிப்பதில் எவர்க்கும் சிரமமில்லை. வேண்டாத பகுதியை நீக்கி, எஞ்சியதைக் கோத்து, விலையையும் முகவரியையும் எழுத்தில் சேர்க்கும் தொகுப்பு வேலைக்கே மென்பொருள் தேவைப்படுகின்றது. இதற்கென ஆண்டுச் சந்தா கட்டச் சங்கப் பணத்தை ஒதுக்குமுன் அங்கத்தினர்கள் சற்று யோசித்தல் நலம்.

எங்கள் சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுகிறேன். இலவசம் என்ற அறிவிப்பை நம்பி ஒரு மென்பொருளை இறக்கிக்கொண்டோம். மூன்று நாள் உழைத்து, பாவு ஓட்டுவது முதல் மடிப்பு வரை ஒழுங்காகத் தொகுத்தோம். முடிந்த படத்தை வெளியே எடுத்தபோது அம்மென்பொருளின் முத்திரை சேலைக் கரையின் மேலேயே விழுந்திருந்தது. நீக்குவதற்குப் பணம் கேட்டது. கரைதானே எங்கள் சரக்கின் அடையாளம்! எதைத் தேர்ந்தாலும் முதல் நாளிலேயே பத்து வினாடித் துண்டு ஒன்றைத் தொகுத்து, வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

முத்திரை இடாதனவும், விலை கேளாதனவும் உண்டு. ஷாட்கட், ஓப்பன்ஷாட், கேடென்லைவ் ஆகிய மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். அதாவது அவற்றின் நிரல் எல்லோர்க்கும் பொதுவில் வைக்கப்பட்டது. நமக்குப் பழக்கமான கொள்கைதான். இவை விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்குவன. 2008-இல் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஷாட்டின் திரை எளியது. எனினும் என் சாய்வு ஷாட்கட்டின் பக்கமே. பழைய கணினி திணறினால், படத்தின் சிறிய நகலை வைத்துத் தொகுத்து, முடிவில் மூலப் படத்திலிருந்தே வெளியிடும் வசதி அதில் உண்டு. டாவின்சி ரிசால்வின் விலையில்லாப் பதிப்பு ஆற்றல் மிக்கதுதான். ஆனால் அது மிகுந்த நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் கேட்கும். சங்க அலுவலகக் கணினியில் அதை ஏற்றுவது கைத்தறிக் கொட்டகைக்குள் விசைத்தறியை இறக்குவது போலாகும். விண்டோஸ் 11 உள்ளவர்களுக்கு அதனுடனேயே கிளிப்சாம்ப் வருகின்றது. சிறு படங்களுக்கு அதுவே போதும்.

பலர் இன்னமும் மூவி மேக்கரைத் தேடுகின்றனர். அதனை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017-இலேயே நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் அப்பெயரைத் தாங்கிப் பணம் கேட்கும் போலி ஒன்றும் பரவிற்று. ஆகவே எந்த மென்பொருளையும் அதனை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குக.

மற்றொரு விஷயம், புதியவர் அநேகமாய்த் தவறும் இடம். தொகுப்புக் கோப்பினுள் படம் இருப்பதில்லை; எந்தப் படத்தை எங்கே வெட்டுவது என்ற குறிப்பு மாத்திரமே இருக்கும். இடம் போதவில்லையென்று மூலப் படங்களை அழித்த எங்கள் இளைஞர் ஒருவர், மறுநாள் கோப்பைத் திறந்தபோது வெற்றுக் கட்டங்களையே கண்டார். ஒரு வேலைக்கு ஒரே உறை திறந்து, படம், ஒலி, கோப்பு யாவற்றையும் அதனுள்ளேயே வைக்க வேண்டும். வெளித்தட்டில் மற்றொரு பிரதி எடுத்த பின்னரே கைப்பேசியில் உள்ளதை அழிக்கலாம்.