நம் குழு யாருக்குச் சொந்தம்?

(ஜெலுத்தோங்கில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காற்பந்து பற்றிய கருத்தரங்கு என்றதும், பயிற்றுநரை மாற்ற வேண்டுமா, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சரியில்லையா என்ற பேச்சுத்தான் முதலில் எழும் என்று எதிர்பார்த்தேன். அதற்கான குறிப்புகளோடுதான் வந்தேன். ஆனால், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கியதும் வேறு ஒன்றைக் கேட்டார். "தங்கச்சி, நாப்பது வருசமா டிக்கெட் வாங்கி ஆட்டம் பாக்குறேன். இந்தக் குழு யாருக்குச் சொந்தம்? சங்கத்துக்கா, அரசாங்கத்துக்கா, கம்பெனிக்கா? அத மட்டும் சொல்லும்மா."

பின்வரிசையில் இருந்த ஒரு தாயார் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார். அவருடைய மகனுக்குப் பதினேழு வயது, நன்றாக ஆடுகிறான். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காக வருவதில்லை என்று பத்திரிகையில் படிக்கிறோமே, பிள்ளையை நம்பி இந்தத் தொழிலுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். குழுவின் சொந்தக்காரர் யார் என்று தெரிந்தால்தான், சம்பளம் வராதபோது யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். ஆகவே, கொண்டுவந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசுகிறேன்.

பெருமைக்குக் குறைவில்லை

ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் சில நிமிடங்களில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது நம் சிட்டி ஸ்டேடியம். பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் லீக் வெற்றியாளர். 2002-இல் எஃப்ஏ கிண்ணம். 2016 பிப்ரவரியில் பகாங்கிற்கு எதிராக முகமட் ஃபயிஸ் சுப்ரி அடித்த, காற்றில் வளைந்து திசை மாறிப் போன அந்த ஃப்ரீ கிக் கோல் இதே அரங்கில்தான் விழுந்தது. உலகின் சிறந்த கோலுக்கான ஃபிஃபா புஸ்காஸ் விருதை அது 2017 ஜனவரியில் பெற்றுத் தந்தது.

அதே 2017-இல்தான் பினாங்கு சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2020-இல் பிரிமியர் லீக்கை வென்று மேலே வந்து, 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. 2022-இல் மறுபடியும் பட்டியலின் அடிமட்டத்திற்குப் போனது. இப்படி ஏறி இறங்கும்போது நாம் ஆட்டக்காரர்களைத்தான் திட்டுகிறோம். மைதானத்திற்கு வெளியே, கணக்குப் புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை.

சங்கம் எப்படிக் கம்பெனி ஆனது?

முன்பெல்லாம் மாநிலக் குழு என்பது மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் குழு. உறுப்பு மன்றங்கள் கூடிச் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். தலைமை நாற்காலியில் பெரும்பாலும் அரச குடும்பத்தவரோ அரசியல்வாதியோ இருப்பார். அவருடைய செல்வாக்கில் மாநில அரசின் மானியமும், அரசு சார்ந்த நிறுவனங்களின் விளம்பரப் பணமும் வரும். தலைவர் மாறினால் பணம் வரும் வழியும் மாறும்.

பின்னர் மலேசியக் காற்பந்துச் சங்கம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. சங்கம் வேறு, குழு வேறு. சங்கம் அடித்தட்டுக் காற்பந்தை வளர்க்கட்டும். குழு தனி நிறுவனமாக நிற்கட்டும் என்றது. 2021 பருவத்திற்குள் இந்தப் பிரிவினை பரவலாக நடந்து முடிந்தது. பினாங்கு எஃப்சி, பேராக் எஃப்சி, கெடா டாருல் அமான் எஃப்சி, ஸ்ரீ பகாங் எஃப்சி என்று பெயர்கள் மாறியது நினைவிருக்கும்.

ஆக, பெரியவர் கேட்டதற்குச் சட்டப்படியான பதில் இது: சட்டையில் மாநிலத்தின் பெயர் இருக்கிறது என்பதற்காகக் குழு மாநில மக்களுக்குச் சொந்தமாகிவிடாது. நிறுவனமாகிவிட்ட குழுவுக்குச் சொந்தக்காரர்கள் அதன் பங்குதாரர் பட்டியலில் இருப்பவர்கள். டிக்கெட் வாங்குகிற நாம் வாடிக்கையாளர்கள். முன்பு மன்றங்களின் வழியாகவாவது ஒரு ஓட்டு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வரவு எட்டணா, செலவு பத்தணா

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் குழுவின் உண்மைக் கணக்கும் அல்ல. விளங்குவதற்காக நானே போட்டது. ஓர் ஆட்டத்திற்கு 5,000 பேர் வருகிறார்கள், டிக்கெட் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வசூல் 75,000 வெள்ளி. சொந்த அரங்கில் 12 ஆட்டங்கள் என்றால் பருவம் முழுவதற்கும் 9 லட்சம் வெள்ளி. மறுபக்கம், 25 ஆட்டக்காரர்களுக்குச் சராசரியாக மாதம் 15,000 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 45 லட்சம் வெள்ளி. டிக்கெட் வசூல் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும். இதில் பயிற்றுநர் சம்பளம், பயணம், அரங்கு வாடகை எதையும் சேர்க்கவில்லை.

மீதிப் பணம் எங்கிருந்து வரும்? விளம்பரம், அரசு உதவி, உரிமையாளரின் சொந்தப் பணம், லீக் நிர்வாகம் பிரித்துத் தரும் ஒளிபரப்புப் பணம். இவற்றில் எதுவும் நிலையானதல்ல. 2018-இல் டெலிகோம் மலேசியாவுடன் எட்டு ஆண்டுகளுக்கு 48 கோடி வெள்ளி என்று பேசப்பட்ட ஒளிபரப்பு, விளம்பர ஒப்பந்தம் அடுத்த ஆண்டே முறிந்துபோனது. அந்தப் பணம் வரும் என்று நம்பி ஆட்டக்காரர்களுக்குப் பெரிய சம்பளம் பேசிய குழுக்களின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பணம் தட்டுப்படும்போது முதலில் நிற்பது சம்பளம். அதோடு ஊழியர் சேமநிதி, சொக்சோ, வருமான வரிப் பிடித்தம் ஆகியவையும் கட்டப்படாமல் நிற்கும். வரவு என்ன என்று தெரியாமலேயே செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் நம் நாட்டுக் காற்பந்தின் பழைய நோய். சங்கம் நடத்திய காலத்திலும் அது இருந்தது. நிறுவனமான பிறகும் தீரவில்லை.

பக்கத்து வீட்டுச் செய்தி

இது நமக்கு எட்டாத தூரத்துக் கதை அல்ல. பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் கெடா. தெற்கே போனால் பேராக்.

கெடா 2007-லும் 2008-லும் அடுத்தடுத்து மூன்று கிண்ணங்களையும் அள்ளிய குழு. சம்பள பாக்கியால் திணறிய அந்தக் குழுவுக்கு 2025-26 பருவத்திற்கான உரிமம் கிடைக்கவில்லை. 2018-இல் மலேசியக் கிண்ணம் வென்ற பேராக், 2021-இல் தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே ஆண்டு சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. பிறகு மேலே வந்தாலும், 2025-இல் உரிமையாளர் தரப்பு விலகிக்கொள்ள, 2025-26 பட்டியலில் அதன் பெயரும் இல்லை. ஸ்ரீ பகாங்கும் அதே பருவத்தில் விலகியது. 2012-இல் மூன்று கிண்ணங்களை வென்ற கிளந்தானை 2020-இல் ஒரு தொழிலதிபர் வாங்கினார். 2023-இல் கடைசி இடம். அடுத்த பருவத்தில் அந்தக் குழுவே இல்லை.

பினாங்கு 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்கில் ஆடியது. அதற்காக நாம் நிம்மதியாக இருந்துவிட முடியுமா? இரண்டு பக்கத்து வீட்டிலும் விளக்கு அணைந்துவிட்டது. நம் வீட்டு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில் தவறில்லையே.

நல்ல உரிமையாளர் கிடைத்தால் போதாதா?

நிகழ்ச்சியில் ஓர் இளைஞர் ஜொகூரைச் சுட்டிக்காட்டினார். நியாயமான கேள்வி. துங்கு இஸ்மாயில் தலைமையில் ஜேடிதி 2014 முதல் தொடர்ந்து லீக்கை வென்று வந்திருக்கிறது. 2020-இல் புதிய அரங்கையும் திறந்தது. மனமும் பணமும் உள்ள ஒருவர் பொறுப்பேற்றால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால், அப்படிப்பட்டவர் எல்லா மாநிலத்திற்கும் கிடைப்பாரா? கிடைத்தாலும், ரசிகர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு உண்டா?

இதற்கு நம் நாட்டுக்காரர் ஒருவரே உதாரணம். பிரிட்டனில் கார்டிஃப் சிட்டி குழுவை 2010-இல் வாங்கிய வின்சென்ட் டான், 2012-இல் அதன் பரம்பரை நீல நிறத்தைச் சிவப்பாக மாற்றினார். பணம் போட்டவர் அவர்; சட்டப்படி உரிமை உண்டு. ஆனால், நிறம் அவர் வாங்கிய பொருள் அல்ல என்று ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது.

இடம் மாறிய கதையும் உண்டு. 2002-இல் லண்டனின் விம்பிள்டன் குழுவை மில்டன் கீன்ஸ் என்ற வேறு நகருக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அதே ஆண்டில் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அடிமட்டத்திலிருந்து ஏறி 2011-இல் தொழில்முறை லீக்கில் இடம் பிடித்தார்கள். 2020-இல் பழைய வட்டாரத்திலேயே அரங்கு கட்டித் திரும்பினார்கள். தீவில் சிட்டி ஸ்டேடியம், பெருநிலத்தில் 2000-இல் திறந்த பத்து கவான் அரங்கு என்று இரண்டு வீடுகள் நம் குழுவுக்கு உண்டு. ஆட்டம் எங்கே நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும்போது, இரவு பதினொன்றுக்குப் பாலத்தைக் கடந்து வீடு திரும்ப வேண்டிய ரசிகரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா?

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. குழுவை நிறுவனமாக்கலாம், ஆனால், ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். ஓரிரு குழுக்களுக்கு மட்டும் விலக்கு. நாமும் நிறுவனமாக்கினோம், அந்தப் பாதி ஓட்டை எழுதி வைக்க மறந்துவிட்டோம்.

அதற்காக ரசிகர்களே வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் குழு மூழ்கும் நிலையில் இருந்தபோது 2013-இல் ரசிகர்கள் பணம் போட்டுக் காப்பாற்றினார்கள். ஆனால், 2017-இல் அவர்களே ஓட்டெடுத்து ஓர் அமெரிக்கச் செல்வந்தருக்கு விற்றார்கள். பழைய அரங்கைச் செப்பனிடக்கூடப் பெரும் பணம் வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கு விற்பது என்ற முடிவு ரசிகர் கையில் இருந்தது என்பதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, தெரிந்துகொள்வது. மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் கட்டணம் கட்டினால், ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள் யார், பங்குதாரர்கள் யார் என்ற விவரத்தை யாரும் பெறலாம். கணக்கு அறிக்கையும் பல நேரங்களில் கிடைக்கும். சில தனியார் நிறுவனங்களுக்கு மட்டும் அதைப் பொதுவில் வைப்பதிலிருந்து விலக்கு உண்டு. இன்னொரு வழி, பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டம். 2015 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தின்படி மாநில அரசுத் துறைகளிடம் தகவல் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால், மக்கள் வரிப்பணம் காற்பந்துக்குப் போயிருந்தால், எவ்வளவு போனது என்று துறையிடம் கேட்கலாம்.

இரண்டாவது, கூடிக் கேட்பது. தனி ஆளாகக் கத்தினால் அது மைதானத்துச் சத்தம். ஆதரவாளர் மன்றமாகப் பதிவு செய்து, ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகத்தோடு கூட்டம் வேண்டும், சம்பள நிலவரத்தைச் சொல்ல வேண்டும், பெயர், நிறம், அரங்கு ஆகிய மூன்றையும் எங்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்தால் அது கோரிக்கை. இதற்குக் கோடி வெள்ளி தேவையில்லை. ஒரு பங்குகூட வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நம்மையும் நாம் கேட்டுக்கொள்வது. தாங்க முடியாத சம்பளத்தில் பெரிய ஆட்டக்காரரை வாங்கு என்று ஒவ்வொரு பருவமும் நெருக்குவது யார்? நாம்தானே?

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அம்மா, பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஃபிஃபா 2018-இல் கொண்டுவந்த விதிப்படி, இரண்டு மாதச் சம்பளத்தைக் குழு முறையின்றி நிறுத்திவைத்தால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காகப் பிஎஃப்ஏஎம் என்ற சங்கம் இருக்கிறது. முதல் சம்பளம் வாங்கும் முன்பே அதில் சேரச் சொல்லுங்கள். சேமநிதிக் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள். படிப்பையும் கைவிட வேண்டாம்.

கேள்வி கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1978 முதல் 1999 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மறைந்த கர்ப்பால் சிங்கை நாடே 'ஜெலுத்தோங் புலி' என்று அழைத்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெரியவரிடம், "ஐயா, இவ்வளவு கேட்ட பிறகும் அடுத்த ஆட்டத்துக்குப் போவீர்களா?" என்று கேட்டேன். "போகாம எப்படிம்மா? ஆனா இந்தத் தடவ டிக்கெட்டோட ஒரு கடுதாசியும் கொண்டு போறேன்" என்றார். அந்தக் கடிதத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.