வேதாகமத் தமிழில் ஒரு சொல்

கிறித்தவ வேதாகமத்தைத் தமிழாக்கியோர் முன் நின்ற வினாக்களுள் தலையாயது, இறைவனை எச்சொல்லாற் குறிப்பது என்பதே. கத்தோலிக்கர் நெடுங்காலம் சருவேசுரன் என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பப்பிரிசியு ஐயர் பராபரன் என்றார். பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் ஆக்கி, 1850 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பும், 1871 இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பும் தேவன் என்றன. 1995 இல் வெளியான பொது மொழிபெயர்ப்போ கடவுள் என்கின்றது.

ஒவ்வொரு தேர்வின் பின்னும் ஓர் இறைக்கொள்கை நிற்கின்றது. பராபரன் மேலானவற்றுக்கும் மேலானவன்; பராபரக்கண்ணி பயின்ற தமிழர்க்கு அச்சொல் புதிதன்று. தேவன் என்பதற்கோ தேவர் எனப் பன்மையும் தேவி எனப் பெண்பாலும் உள. இறைவன் ஒருவனே என்பார்க்கு அது பொருந்துமோ என என் மாணாக்கர் வினவுவதுண்டு.

மூலநூலை நோக்கின் விடை புலனாகும். எபிரேய மொழியில் எலோகிம் என்பது உருவாற் பன்மை. ஆயினும் படைப்பு வரலாற்றில் ஒருமை வினை கொண்டே முடிகின்றது. புதிய ஏற்பாட்டின் தெயோஸ், கிரேக்கர் தம் தெய்வங்கள் பலவற்றுக்கும் வழங்கிய சொல்லே. வேதம் எழுதியோர் வழக்கிலிருந்த சொல்லை எடுத்து, அதனுள்ளே தம் நம்பிக்கையைப் பெய்தனர்.

தமிழிலும் அதுவே நிகழ்ந்தது. செபத்திலும் பாட்டிலும் மரணப் படுக்கையிலும் தலைமுறை தலைமுறையாக அழைக்கப்பட்டமையால், தேவன் என்பது சீர்திருத்த சபையார்க்கு ஒருவனையே குறிக்கும் பெயராயிற்று. லூத்தர் சபையாரோ ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்த பின்னரும் பப்பிரிசியுவின் நூலை எளிதில் விட்டாரல்லர். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி 1995 இல் பொது மொழிபெயர்ப்பை ஆக்கியும், சீர்திருத்த ஆலயங்கள் பலவற்றில் இன்றும் பழைய வாசகமே ஒலிக்கின்றது. வாசகம் வழிபாட்டை ஆக்குகின்றது. அவ்வழிபாடே பின்வரும் வாசகத்தை ஏற்கவோ மறுக்கவோ செய்கின்றது.

ஆதலின், பழஞ்சொல்லைப் பற்றி நிற்பாரை அறியாதார் எனல் தகாது. தம் முன்னோர் அழைத்த பெயரை அவர் காக்கின்றனர். அச்சொல் ஒன்றே வேதம் எனச் சாதித்தலும் தகாது. அதுவும் ஒரு காலத்திற் புதுச்சொல்லாய் வந்ததே. இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்துக் கற்குமாறே நான் மாணாக்கர்க்குக் கூறுவேன். சொல் வேறுபடும் இடங்களிலேதான் ஒரு சமூகம் தன் நம்பிக்கையை எங்ஙனம் சிந்தித்தது என்பது தெளிவாகும்.