உள்ளே ஒரு கணினி, வெளியே உறையும் கணினி

விண்டோஸ் 11 ஓடும் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு பழைய விண்டோஸையோ லினக்ஸையோ தனிச் சாளரத்தில் ஓடவிட முடியும். உள்ளே ஓடுவது மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினி. நினைவகத்தில் ஒரு பங்கு, வன்தட்டில் ஒரு பெரிய கோப்பு, புரொசெசரில் ஒன்றிரண்டு கோர்கள் என்று அதற்கு ஒதுக்கிக் கொடுக்கப்படுகின்றன. தாங்கி நிற்கும் உண்மையான இயந்திரத்தை வெளிக்கணினி என்றும் அதற்குள் ஓடுவதை உள்கணினி என்றும் இங்கே வைத்துக்கொள்ளலாம்.

கொழும்பில் இந்த ஏற்பாடு இல்லாமல் நடக்காத வேலைகள் பல. வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் இயங்கும் ஐஐடி போன்ற நிறுவனங்களில் கணினியியல் படிக்கும் மாணவர்களுக்கு லினக்ஸ் பாடம், வலையமைப்புப் பயிற்சி, அன்ட்றொயிட் செயலி உருவாக்கம் எல்லாம் பெரும்பாலும் மெய்நிகர் கணினியில் நடக்கின்றன. கொட்டாஞ்சேனைப் பக்கத்து அச்சகத்தின் தேவை வேறு. பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் கட்டிய கல்யாண அழைப்பிதழ்களும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் தேவாலயத் திருவிழா மலர்களும் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள். எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8இல். பழைய கோப்பைத் திறந்து பெயரையும் திகதியையும் மாற்றிக் கொடுக்க வேண்டுமானால், புதிய கணினிக்குள் எக்ஸ்பியை மெய்நிகராக ஓட்டுவதே சுலபமான வழி.

இப்படி ஓட்டும்போது முழுக் கணினியுமே திடீரென அசையாமல் நின்றுவிடுவது பலரும் சொல்லும் முறைப்பாடு. உடனே எல்லோரும் செய்வது, உள்கணினியை அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவது. பெரும்பாலும் அது வீண் உழைப்பு. ஏன் என்பது வன்பொருள் மெய்நிகராக்கம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

1999இல் வீஎம்வெயார் நிறுவனம் தன் முதல் மெய்நிகராக்க மென்பொருளை வெளியிட்டபோது, சாதாரண புரொசெசர்களில் இதற்கென்று எந்த வசதியும் இருக்கவில்லை. உள்கணினியின் ஆபத்தான கட்டளைகளை மென்பொருளே ஓடும்போது கண்டுபிடித்து மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. இன்டெல் 2005இன் கடைசியில் விடி-எக்ஸ் வசதியையும், ஏஎம்டி 2006இல் ஏஎம்டி-வி வசதியையும் புரொசெசரிலேயே கொண்டுவந்தன. அதன்பின் உள்கணினியின் கட்டளைகள் நேராகப் புரொசெசரில் ஓடுகின்றன. எல்லை மீறும் ஒரு கட்டளை வந்தால் புரொசெசர் தானாகவே உள்கணினியை நிறுத்தி, ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை மென்பொருளிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிடும். 2007, 2008 அளவில் நினைவகப் பிரிப்புக்கும் இதே மாதிரி வன்பொருள் உதவி வந்தது. ஆகவே உள்கணினி வைரஸால் சீரழிந்தாலும், நீலத்திரை காட்டி விழுந்தாலும், அந்தப் பாதிப்பு புரொசெசர் போடும் இந்த வேலியைத் தாண்டி வெளியே வரக்கூடாது. வெளிக்கணினியே உறைந்துவிட்டது என்றால் கோளாறு பெரும்பாலும் வேலிக்கு வெளியேதான்: நினைவகத்தில், வன்தட்டில், சூட்டில், பயோஸில், இல்லாவிட்டால் புரொசெசரிலேயே.

முதலில் உறைந்தது எது என்று தெரியவேண்டும். உள்கணினியின் சாளரம் மட்டும் நின்று, மற்றச் சாளரங்கள் வழக்கம்போல வேலை செய்தால் அது உள்ளிருக்கும் பிரச்சினை. காட்சிப் பலகத்தின் முப்பரிமாண முடுக்கத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலே சரியாகலாம். சுட்டி விட்டுவிட்டு நகர்ந்து, வன்தட்டு விளக்கு ஓயாமல் எரிந்தால் கணினி சாகவில்லை, திணறுகிறது. பத்து நிமிடம் பொறுத்தால் மீண்டும் வரக்கூடும். மூன்றாவது வகைதான் கடினம். திரை அப்படியே நிற்கும், ஒலி ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப இழுக்கும். அந்த நேரத்தில் விசைப்பலகையில் கெப்ஸ் லொக் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். விளக்கை ஏற்றி அணைப்பது பொதுவாக இயங்குதளத்தின் வேலை. விளக்கு மாறினால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. மாறாவிட்டால் இயங்குதளத்தின் கருவே நின்றுவிட்டது.

திணறல் வகைக்கு முதற் காரணம் நினைவகம். 8 ஜிபி உள்ள மடிக்கணினியில் விண்டோஸ் 11, வைரஸ் தடுப்பான் உட்பட 3 முதல் 4 ஜிபி வரை பிடித்துவிடும். உலாவி ஒன்றிரண்டு ஜிபி. தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் காட்சிக்கும் அதே நினைவகத்திலிருந்து ஒரு பங்கு போகும். இந்த நிலையில் உள்கணினிக்கு 4 ஜிபி என்று எழுதிக்கொடுத்தால் கணக்கு உதைக்கும். அதோடு, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருள் உள்கணினிக்கு எடுக்கும் நினைவகத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. அதை வன்தட்டுக்குத் தள்ள இயங்குதளத்தால் முடியாது. எனவே தள்ளப்படுவது மற்ற எல்லாமும்: உலாவி, கோப்பு மேலாளர், திரையில் சாளரம் வரையும் நிரல் உட்பட. வெளிக்கணினி உறைந்ததுபோலத் தோன்றுவது இதனால்தான். அமைப்புப் பக்கத்தில் உள்ள நினைவக அளவுகோலில் பச்சைப் பகுதிக்குள் நிற்பது பாதுகாப்பு. எக்ஸ்பிக்கும் பேஜ்மேக்கருக்கும் 1 ஜிபி தாராளம், ஒரு கோர் போதும்; அதற்கு மேல் கொடுப்பதால் அச்சு வேலை வேகமாகிவிடாது. அதன் இணைய இணைப்பைத் துண்டித்து வைப்பதும் அவசியம். 2014க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் காணாத எக்ஸ்பியை இணையத்தில் விடுவது ஆபத்து.

கோர்களிலும் அதே பிழை நடக்கிறது. நான்கு கோர் உள்ள பல புரொசெசர்கள் விண்டோஸில் எட்டாகத் தெரியும். எட்டையும் உள்கணினிக்குக் கொடுத்தால் வெளிக்கணினிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. சுழலும் வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது மற்ற எந்தத் திருத்தத்தையும்விடப் பெரிய வேறுபாட்டைத் தரும். பல ஜிபி கொண்ட உள்கணினிக் கோப்பை வைரஸ் தடுப்பான் ஒவ்வொரு முறையும் துழாவாதபடி, அந்தக் கோப்புறைக்கு விலக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது, ஒரே புரொசெசர் வசதிக்கு இரண்டு ஹைப்பர்வைசர்கள் போட்டியிடுவது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் அதை முழுமையாக ஆளலாம். விண்டோஸ் 11இல் நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு வசதி பல கணினிகளில் முன்கூட்டியே இயங்குகிறது. அது மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வியை அடித்தளமாகக் கொண்டது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட மைக்ரோசொப்டே தரும் வசதியை நிறுவியிருந்தாலும் அதே கதை. அப்போது வேர்ச்சுவல்பொக்ஸ் நேரடியாக அல்லாமல் ஹைப்பர்-வியின் வழியாக ஓடும். சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமைச் சின்னம் தெரிந்தால் அதுதான் அடையாளம். இந்த ஒத்துழைப்பு வேர்ச்சுவல்பொக்ஸின் 2018 டிசெம்பரில் வந்த 6.0 பதிப்பிலிருந்தும், வீஎம்வெயார் வேர்க்ஸ்டேஷனின் 2020 மே மாதப் பதிப்பிலிருந்தும் உண்டு. அதற்கு முந்திய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்ற வேண்டும். ஹைப்பர்-வியை அணைத்தால் வேகம் கூடும், ஆனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியில் அந்தப் பேரம் நல்லதல்ல. லினக்ஸை வெளிக்கணினியாக வைத்திருப்பவர்களுக்கு 6.12 கருவிலிருந்து ஒரு மாற்றம்: கேவிஎம் என்ற உள்ளமைந்த ஹைப்பர்வைசர் ஏற்றப்பட்டவுடனேயே புரொசெசர் வசதியைப் பிடித்துக்கொள்கிறது, வேர்ச்சுவல்பொக்ஸ் தொடங்க மறுக்கலாம். கேவிஎம்மை இறக்கிவிட்டால் போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கெப்ஸ் லொக் விளக்குகூட மாறாத முழு உறைவு வந்தால், பார்வை வன்பொருளுக்குப் போகவேண்டும். மெய்நிகர் கணினி புதிதாக எதையும் கெடுப்பதில்லை. இதுவரை தொடப்படாத நினைவகப் பகுதிகளைத் தொடுகிறது, எல்லாக் கோர்களையும் நீண்ட நேரம் வேலை வாங்குகிறது. மறைந்திருந்த பழுது அதனால் வெளியே வருகிறது. கொழும்பில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 பாகையைச் சுற்றி நிற்கிறது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கமிருந்து உப்புக் காற்றும் வருகிறது. மடிக்கணினியின் அடியை நீக்கினால் விசிறிக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையில் பஞ்சுப்பாய்போல் தூசி படிந்திருக்கும். நினைவகத் தட்டின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியிருக்கும். தூசியை எடுத்து, தட்டைக் கழற்றி முனைகளைத் துடைத்துத் திரும்பப் பொருத்துவதிலேயே குணமாகும் கணினிகள் உண்டு. அதன்பின் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை யூஎஸ்பியிலிருந்து துவக்கி, ஓரிரவு ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தத் தட்டு மாற்றப்பட வேண்டியதே.

மிக அரிதாக, வேலியே ஓட்டையாக இருந்திருக்கிறது. 2015 நவம்பரில் வெளியான ஒரு குறைபாட்டில், உள்கணினி குறிப்பிட்ட வகைப் பிழையை எழுப்பினால், அதைத் தெரிவிக்கப் போகும்போதே அதே பிழை மீண்டும் எழும்; புரொசெசர் கோர் அந்தச் சுழலில் மாட்டி ஹைப்பர்வைசரிடம் திரும்பாது. கேவிஎம், சென் (Xen) ஆகிய இரண்டு ஹைப்பர்வைசர்களும் திருத்தப்பட்டன. 2019 நவம்பரில், உள்கணினி நினைவகப் பக்கத்தின் அளவை மாற்றுவதால் பல இன்டெல் புரொசெசர்கள் முழுதாக நின்றுவிடக்கூடும் என்று தெரியவந்தது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புரொசெசர்கள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. 2024 ஓகஸ்டில் அதற்கு, புரொசெசரின் உள்நிரலான மைக்ரோகோடில் திருத்தம் வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. ஏஎம்டியின் ஸென் 4 (Zen 4) வகைப் புரொசெசர் உள்ள கணினிகளில், உள்கணினிக்குள் இன்னொரு உள்கணினியை ஓட்டும்போது வெளிக்கணினியே மறுதொடக்கமாகும் பிழையை லினக்ஸ் 2024 நவம்பரில் அடைத்தது. இவை எதையும் வீட்டில் திருத்த முடியாது. ஆனால் இயங்குதளத்தையும் பயோஸையும் புதுப்பித்தால் திருத்தம் தானாக வந்துசேரும். பயோஸ் புதுப்பிப்பு நடுவே மின்சாரம் போனால் தாய்ப்பலகையே செயலிழக்கலாம். யூபிஎஸ் இல்லாமல் அதில் இறங்கக்கூடாது.

உறைந்து, மீண்டும் இயங்கிய கணினி ஏதாவது சாட்சியம் விட்டுச் செல்லும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கேர்னல்-பவர் 41 என்ற வரி மட்டும் இருந்தால், ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதற்கு முன்பின்னாக வீயா-லொக்கர் என்ற பெயரில் பதிவிருந்தால் வன்பொருள் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உள்கணினியின் கோப்புறையில் வேர்ச்சுவல்பொக்ஸ் எழுதும் பதிவுக் கோப்பின் கடைசி வரிகளும் உதவும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பழுது பார்க்கக் கொடுக்கும்போது, அந்தப் பதிவின் படத்தையும் உறைந்த நேரத்தில் ஓடிய வேலையையும் எழுதிக் கொடுத்தால், தேவையில்லாமல் இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவும் செலவு மிச்சமாகும்.

உறைந்த கணினியைப் பொத்தானை அழுத்தி அணைப்பதும் மின்வெட்டும் உள்கணினிக்கு ஒன்றே. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் இருண்டது. அப்படி அணையும்போது உள்கணினி சேமித்ததாக நம்பிய பக்கம், வெளிக்கணினியின் தற்காலிக நினைவகத்திலேயே கிடந்து அழியக்கூடும். உள்கணினியின் நிலையை அவ்வப்போது அப்படியே சேமிக்கும் படிநிலைப் பதிவுகளை அடுக்கடுக்காக எடுத்து வைத்திருப்பவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. ஒவ்வொரு கோப்பும் தனக்கு முந்தியதை நம்பியிருப்பதால், நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பிந்தியவை எல்லாம் திறக்காது. பழுதைத் தேடத் தொடங்குமுன், உள்கணினியை ஒழுங்காக அணைத்து, அதன் கோப்புறை முழுவதையும் வேறொரு வன்தட்டுக்குப் பிரதியெடுத்து வைக்க வேண்டும்.