முத்தெடுத்த கைகள்

முத்து என்றால் அதன் ஒளியைத்தான் எல்லோரும் பேசுவர்; நாற்றத்தை யார் பேசுவர்? சிப்பிகளைக் கரையில் குவித்துப் பல நாள் அழுகவிடுவார்களாம். ஈ மொய்க்கும். பின்னர் அழுகிய சதையைக் கையால் துழாவி முத்தெடுப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் அச்சலாபங்களில் காலராவும் புகுந்ததுண்டு. 1961-இல் நடந்ததே நம் தூத்துக்குடியின் கடைசிச் சலாபம். காலராவோ அசுத்த நீராலும் அழுக்குக் கையாலும் இன்றும் பரவக் கூடியது.

1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்களைக் குளோரின் நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த பிரிவில் ஜூனில் இறந்தோர் 2 பேரே. ஆயினும் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. தங்கள் கையை அழுக்கென்றால் கோபம் வராதா?

மீன் அரிந்த கையை வெறும் நீரில் அலசினால் வாடை போகிறதா? எண்ணெய்ப் பசையில் அது ஒட்டிக்கொள்கிறது; கிருமியும் அப்படியே. சோப்பு பசையைப் பிரித்து நீரோடு அனுப்பிவிடும். அதற்கு 20 விநாடி தேய்க்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் நாங்கள் விரல்நுனியை நனைப்பதோடு சரி!

சென்ற கோடையில் எங்களுள் ஒருத்தியின் குட்டித் தம்பி வயிற்றுப்போக்கால் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுக்குச் சோறூட்டுபவள் அவள்தான். இப்போது குழாயடியில் அவளிடம் நாங்கள் பேச்சுக் கொடுப்பதில்லை. இருபது வரை எண்ணிக்கொண்டிருப்பாள்.